ஜாவா மடக்குகளும் அவற்றிடையேயான மாற்றமும்

மடக்கு என்பது, கணினி நிரலில் ஒரு கூற்றையோ கூற்றுகளின் தொகுதியையோ ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை மீண்டும் மீண்டும் நிறைவேற்றும் கட்டமைப்பு ஆகும். தமிழில் இது கண்ணி, சுழற்சி, வளையம் எனவும் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புக் கணினிப் பாடநூல்கள் மடக்கு என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் அதுவே மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்டது. ஜாவா நிரல்மொழியில் ஃபார், வைல், டூ-வைல், மேம்பட்ட ஃபார் என நான்கு மடக்கு வடிவங்கள் உள்ளன. முதல் மூன்றில் ஒன்றில் எழுதப்பட்ட எந்த மடக்கையும் மற்ற இரண்டில் எழுத இயலும். ஆனால் சொல்லுக்குச் சொல் இடம் மாற்றினால் நிரலின் நடத்தை மாறிவிடும் இடங்கள் சில உள்ளன. அவற்றுள் பலவற்றை நிரல்பெயர்ப்பி பிழையாகச் சுட்டுவதில்லை. நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும்.

எழுத்து வழக்கு

ஜாவாவின் சிறப்புச்சொற்கள் ஆங்கிலச் சொற்களாகும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் அவை ஒலிப்பெயர்ப்பாகத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் உள்ளிடும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும். மாறி, செயற்கூறு, சிட்டை ஆகியவற்றின் பெயர்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஜாவா தொடக்கத்திலிருந்தே யுனிகோடைப் பின்பற்றுவதால் எண், தொடக்கம், லிங்கம் போன்ற தமிழ்ப் பெயர்களை நிரல்பெயர்ப்பி அப்படியே ஏற்றுக்கொள்ளும். நிரல்கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தல் வேண்டும். 2022இல் வெளியான ஜாவா 18 முதல் அதுவே இயல்பிருப்பாக உள்ளது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நிரல்பெயர்க்கும்போது குறியாக்கத்தைத் தனியே குறிப்பிட வேண்டியிருக்கலாம்.

எடுத்துக்காட்டு: கிரிவலப் பாதை

திருவண்ணாமலையில் அண்ணாமலையை வலமாகச் சுற்றிவரும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. எண்திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கக் கோயில்கள் இப்பாதையில் உள்ளன. கிழக்கிலிருந்து வலமாக இந்திர, அக்னி, யம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசானிய லிங்கங்கள் என்பது அவற்றின் வரிசை. மலையின் தென்புறத்தில், செங்கம் சாலையில் அமைந்துள்ள ரமணாசிரமம் அக்னி லிங்கத்திற்கும் யம லிங்கத்திற்கும் இடையே வருகிறது. இவ்வரிசையை ஓர் அணியாக எழுதலாம்:

ஸ்ட்ரிங்[] லிங்கம் = {"இந்திரன்", "அக்னி", "யமன்", "நிருதி", "வருணன்", "வாயு", "குபேரன்", "ஈசானியம்"};

ஜாவா அணிகளில் முதல் உறுப்பின் சுட்டெண் 0 ஆகும். ஆகவே இந்திர லிங்கம் 0, அக்னி லிங்கம் 1, யம லிங்கம் 2. கடைசியான ஈசானிய லிங்கம் 7. கீழே வரும் அச்சிடு என்பது, தரப்பட்ட பெயரைத் திரையில் காட்டுவதற்காக நிரலர் முன்னரே எழுதிவைத்த செயற்கூறு எனக் கொள்க.

நுழைவுச் சோதிப்பும் வெளியேறல் சோதிப்பும்

ஃபார், வைல் ஆகிய இரண்டும் நுழைவு-சோதிப்பு மடக்குகள் ஆகும். உடற்பகுதியினுள் நுழையும் முன்னரே நிபந்தனை சோதிக்கப்படும். முதற்சோதனையிலேயே அது பொய்யானால் உடற்பகுதி ஒரு முறைகூட நிறைவேறாது. டூ-வைல் வெளியேறல்-சோதிப்பு மடக்கு ஆகும். இதில் உடற்பகுதி முதலில் நிறைவேறி, அதன்பின் நிபந்தனை சோதிக்கப்படுவதால், ஒரு முறையேனும் நிறைவேறுதல் உறுதி.

எட்டு லிங்கங்களையும் அணியின் வரிசைப்படி அச்சிட ஃபார் மடக்கு பொருத்தமானது:

ஃபார் (இன்ட் எண் = 0; எண் < 8; எண்++) {
    அச்சிடு(லிங்கம்[எண்]);
}

தொடக்க மதிப்பு, நிபந்தனை, மிகுப்பு ஆகிய மூன்றும் ஒரே வரியில் இருப்பதே ஃபார் மடக்கின் சிறப்பு. எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும்போது இதனைப் பயன்படுத்துவது வழக்கம். இதையே வைல் மடக்காக எழுதினால் அம்மூன்றும் மூன்று இடங்களுக்குப் பிரிந்துபோகும்:

இன்ட் எண் = 0;
வைல் (எண் < 8) {
    அச்சிடு(லிங்கம்[எண்]);
    எண்++;
}

தொடங்கிய இடத்திற்கே திரும்பும் மடக்கு

கிரிவலத்தை எங்கிருந்தும் தொடங்கலாம். தொடங்கிய இடத்தில் முடிக்க வேண்டும். ரமணாசிரமத்திலிருந்து புறப்படுபவர் முதலில் காண்பது யம லிங்கம், கடைசியாகக் காண்பது அக்னி லிங்கம். அதாவது சுட்டெண் 2இல் தொடங்கி, 7ஐ அடைந்தபின் 0க்குத் திரும்பி, 1இல் முடிய வேண்டும். 7க்கு அடுத்து 0 வருவதற்கு வகுமீதிச் செயற்குறி பயன்படும்: 7உடன் 1ஐக் கூட்டி 8ஆல் வகுத்தால் மீதி 0.

இதற்கு மாணவர் ஒருவர் முதலில் எழுதக்கூடிய நிரல் பின்வருமாறு இருக்கும்:

இன்ட் தொடக்கம் = 2;
இன்ட் எண் = தொடக்கம்;
வைல் (எண் != தொடக்கம்) {
    அச்சிடு(லிங்கம்[எண்]);
    எண் = (எண் + 1) % 8;
}

இந்நிரல் எதையும் அச்சிடாது. புறப்படும்போதே எண்ணும் தொடக்கமும் சமமாக இருப்பதால் நிபந்தனை பொய்யாகி, பயணம் முடிந்துவிட்டதாக மடக்கு கருதிவிடுகிறது. புறப்படும் இடமும் சேருமிடமும் ஒன்றாக உள்ள எல்லாச் சுற்றுகளுக்கும் இது பொருந்தும். டூ-வைல் மடக்கு இதற்கென்றே அமைந்தது எனலாம்:

டூ {
    அச்சிடு(லிங்கம்[எண்]);
    எண் = (எண் + 1) % 8;
} வைல் (எண் != தொடக்கம்);

இது யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம், இந்திரன், அக்னி என எட்டையும் அச்சிட்டு நிற்கும். இறுதி அடைப்புக்குறிக்குப் பின் வரும் அரைப்புள்ளி கட்டாயமானது. வைல் மடக்கில் அதே இடத்தில் அரைப்புள்ளி இட்டால் அது வெற்று உடற்பகுதி எனக் கொள்ளப்படும்.

ஃபார் மடக்காக மாற்ற வேண்டுமெனில், இடத்தை எண்ணாமல் அடிகளை எண்ணுவது எளிது:

ஃபார் (இன்ட் படி = 0; படி < 8; படி++) {
    அச்சிடு(லிங்கம்[(தொடக்கம் + படி) % 8]);
}

இங்கு வகுமீதியை விட்டுவிட்டு 2 முதல் 7 வரை மட்டும் எண்ணினால் இந்திர, அக்னி லிங்கங்கள் விடுபடும். 9 வரை எண்ணினால் அணியின் எல்லையைத் தாண்டியதற்கான விதிவிலக்கு எழும்.

தமிழ்வழி பயில்வோருக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. "தொடங்கிய இடம் வரும்வரை நட" என்பது இயல்பான தமிழ்த் தொடர். அதை அப்படியே நிரலாக்குவோர் எண் == தொடக்கம் என்று நிபந்தனை எழுதிவிடுவர். தமிழில் வினையோடு வரும் "வரை" பெரும்பாலும் நிற்க வேண்டிய நிலையைச் சொல்கிறது. ஜாவாவின் நிபந்தனையோ தொடர வேண்டிய நிலையைச் சொல்கிறது. ஆகவே தமிழ்த் தொடரில் உள்ள நிபந்தனையை எதிர்மறையாக்கியே எழுத வேண்டும். "தொடங்கிய இடம் வராதவரை நட" என்று முதலில் மாற்றிச் சொல்லிப் பார்ப்பது பயனளிக்கும்.

பொது மாற்று விதிகள்

ஃபார் மடக்கை வைல் ஆக்குகையில் தொடக்க மதிப்பிருத்தல் மடக்கிற்கு முன்னும், மிகுப்பு உடற்பகுதியின் கடைசியிலும் வைக்கப்படும். வைல் மடக்கை ஃபார் ஆக்குவது இன்னும் எளிது: ஃபார் (; நிபந்தனை ;) என முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் காலியாக விட்டால் போதும். நிபந்தனையையும் காலியாக விட்டால் அது எப்போதும் மெய் எனக் கொள்ளப்படும்.

வைல் மடக்கை டூ-வைல் ஆக்கும்போது, முதல் சுற்றிற்கான காவலாக அதே நிபந்தனையுடன் ஓர் இஃப் கூற்றை வெளியே இட வேண்டும். இதை மறந்தால், தரவு ஏதும் இல்லாத நேரத்தில் மட்டுமே பிழை வெளிப்படும். மேலே உள்ள டூ-வைல் நிரலும் அணி வெறுமையாக இருந்தால் முதல் அடியிலேயே விதிவிலக்குடன் நின்றுவிடும்.

டூ-வைல் மடக்கை வைல் ஆக்க இரு வழிகள் உள்ளன. உடற்பகுதியை ஒரு முறை மடக்கிற்கு முன் படியெடுத்து எழுதுவது ஒன்று. உடற்பகுதியில் பிரேக் இருந்தால் இவ்வழி பயன்படாது. மடக்கிற்கு வெளியே வந்துவிட்ட பிரேக்கை நிரல்பெயர்ப்பி ஏற்காது. வைல் (ட்ரூ) என முடிவிலா மடக்கு அமைத்து, உடற்பகுதியின் கடைசியில் நிபந்தனை பொய்யானால் பிரேக் செய்வது மற்றொன்று. இதிலும் ஓர் இடர் உண்டு. அது அடுத்து வருகிறது.

கன்டினியூ கூற்றினால் வரும் பிழை

மாற்றத்தின்போது நேரும் பிழைகளுள் மிகுதியானது கன்டினியூ கூற்றைச் சார்ந்தது. பூலியன் மதிப்புகள் கொண்ட பார்த்தது என்னும் மற்றோர் அணி, எந்தெந்த லிங்கங்கள் முன்பே தரிசிக்கப்பட்டன என்பதைக் குறித்து வைத்துள்ளதாகக் கொள்வோம். எஞ்சியவற்றை மட்டும் அச்சிடும் ஃபார் மடக்கு:

ஃபார் (இன்ட் எண் = 0; எண் < 8; எண்++) {
    இஃப் (பார்த்தது[எண்]) கன்டினியூ;
    அச்சிடு(லிங்கம்[எண்]);
}

இதில் கன்டினியூ நிறைவேறும்போது கட்டுப்பாடு மிகுப்புக் கோவைக்குச் செல்லும். எண் ஒன்று கூடும். பிறகே நிபந்தனை சோதிக்கப்படும். பொது விதிப்படி இதை வைல் ஆக்கினால்:

இன்ட் எண் = 0;
வைல் (எண் < 8) {
    இஃப் (பார்த்தது[எண்]) கன்டினியூ;
    அச்சிடு(லிங்கம்[எண்]);
    எண்++;
}

வைல் மடக்கில் கன்டினியூ நேராக நிபந்தனைக்குச் செல்கிறது. கடைசி வரியிலுள்ள மிகுப்பு தாண்டப்படுகிறது. முன்பே பார்த்த முதல் லிங்கத்தை அடைந்ததும் எண் மாறாமல் நின்று, அதே லிங்கத்தின் முன் மடக்கு என்றென்றும் சுற்றிக்கொண்டிருக்கும். எதுவும் முன்பே பார்க்கப்படாதிருந்தால் நிரல் சரியாக ஓடும் என்பதே இதன் தீங்கு; சோதனைத் தரவில் தப்பி, பயன்பாட்டில் அகப்படும் பிழை இது.

கன்டினியூவிற்கு முன் மிகுப்பை மீண்டும் ஒரு முறை எழுதுவது ஒரு தீர்வு. கன்டினியூ பல இடங்களில் இருந்தால் ஒன்றை மறப்பது எளிது. பிழைக்கு இடமளிக்காத மாற்றம், உடற்பகுதியைச் சிட்டையிட்ட ஒரு தொகுதியினுள் வைத்து, கன்டினியூவைச் சிட்டையுடன் கூடிய பிரேக்காக மாற்றுவதாகும்:

வைல் (எண் < 8) {
    உடல்: {
        இஃப் (பார்த்தது[எண்]) பிரேக் உடல்;
        அச்சிடு(லிங்கம்[எண்]);
    }
    எண்++;
}

சிட்டையிட்ட பிரேக் அத்தொகுதியை விட்டு மட்டுமே வெளியேறும். மிகுப்பு தவறாமல் நிறைவேறும். ஆனால் இவ்வாறு எழுதவேண்டிய நிலை வருமானால், அம்மடக்கு ஃபார் வடிவிலேயே இருந்திருக்க வேண்டியது என்பதற்கு அதுவே அறிகுறி.

டூ-வைல் மடக்கில் கன்டினியூ, இறுதியிலுள்ள நிபந்தனைக்குச் செல்கிறது. அதை வைல் (ட்ரூ) வடிவிற்கு மாற்றினால், கன்டினியூ மடக்கின் தலைக்குச் சென்று, கடைசியில் வைத்த வெளியேறும் சோதனையைத் தாண்டிவிடும். நிற்க வேண்டிய சுற்றில் மடக்கு நிற்காது. முன்பு கூறிய சிட்டைத் தொகுதியே இதற்கும் தீர்வு.

மாறியின் எல்லை

ஃபார் மடக்கின் தலைப்பகுதியில் அறிவிக்கப்பட்ட மாறி அம்மடக்கிற்கு வெளியே அறியப்படாது. வைல் ஆக மாற்றும்போது அம்மாறி வெளியே வந்துவிடுவதால், அதே பெயரில் அடுத்தடுத்து இரு மடக்குகள் இருந்த நிரலில் மாறி முன்பே அறிவிக்கப்பட்டுள்ளது என்ற பிழை வரும். மாற்றிய பகுதி முழுவதையும் ஓர் அடைப்புத் தொகுதியினுள் இட்டால் இது நீங்கும்.

டூ-வைல் மடக்கில் நேர்மாறான சிக்கல். உடற்பகுதியினுள் அறிவிக்கப்பட்ட மாறியை இறுதி நிபந்தனையில் பயன்படுத்த இயலாது. அடைப்புக்குறி மூடியதும் அதன் எல்லை முடிந்துவிடுகிறது. இவை இரண்டையும் நிரல்பெயர்ப்பியே சுட்டிக்காட்டிவிடும் என்பதால் பெருந்தீங்கு இல்லை.

மேம்பட்ட ஃபார்

2004ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஜாவா 5 பதிப்பில் இவ்வடிவம் சேர்க்கப்பட்டது:

ஃபார் (ஸ்ட்ரிங் பெயர் : லிங்கம்) {
    அச்சிடு(பெயர்);
}

சுட்டெண் இல்லை, எல்லை தாண்டும் பிழைக்கும் இடமில்லை. நிரல்பெயர்ப்பி இதனை அணிகளுக்குச் சுட்டெண் கொண்ட சாதாரண ஃபார் மடக்காகவும், பட்டியல் முதலிய தொகுப்புகளுக்கு இட்டரேட்டர் கொண்ட மடக்காகவும் விரித்துக்கொள்கிறது. எல்லாச் சாதாரண மடக்குகளையும் இவ்வடிவிற்கு மாற்ற இயலாது. உறுப்பின் இடம் தேவைப்படும்போதும், பின்னிருந்து முன்னாகச் செல்லும்போதும், ரமணாசிரமத்திலிருந்து தொடங்குவது போல் நடுவில் தொடங்கும்போதும் இது பொருந்தாது. பெயர் என்ற மாறிக்குப் புதிய மதிப்பு இட்டாலும் அணியிலுள்ள உறுப்பு மாறாது.

தொகுப்பிலிருந்து உறுப்புகளை நீக்கும் மடக்கை இவ்வடிவிற்கு மாற்றுவது மிகவும் கவனத்திற்குரியது. எட்டுப் பெயர்களையும் ஓர் அர்ரேலிஸ்ட் பட்டியலில் இட்டு, மேம்பட்ட ஃபார் மடக்கினுள்ளேயே பட்டியலின் ரிமூவ் செயற்கூறால் ஒரு பெயரை நீக்கினால், பெரும்பாலும் அடுத்த சுற்றில் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் என்னும் விதிவிலக்கு எழும். ஆனால் கடைசிக்கு முந்தைய உறுப்பான குபேரனை நீக்கினால் எவ்விதப் பிழையும் தோன்றாது. அப்போது கடந்துவந்த உறுப்புகள் ஏழு, பட்டியலின் நீளமும் ஏழு. ஆகவே பட்டியல் முடிந்தது என இட்டரேட்டர் கருதி மடக்கை முடித்துவிடும். ஈசானியம் பார்க்கப்படாமலே விடுபடும். நீக்கல் தேவைப்படும் இடங்களில் இட்டரேட்டரை வெளிப்படையாக எழுதிய வைல் மடக்கில், அதன் சொந்த ரிமூவ் செயற்கூறைப் பயன்படுத்துவதே சரியான முறை. 2014இல் வந்த ஜாவா 8 முதல் ரிமூவ்இஃப் என்ற செயற்கூறும் உள்ளது.

முடிவிலா மடக்குகள்

வைல் (ட்ரூ) மடக்கினுள் பிரேக் இல்லையெனில், அதற்குப் பின்வரும் கூற்றை அடைய முடியாது என நிரல்பெயர்ப்பி அறிந்து பிழை தரும். அதே காரணத்தால், மதிப்பைத் திருப்பியனுப்ப வேண்டிய செயற்கூறின் இறுதியில் இத்தகைய மடக்கு இருந்தால் ரிட்டர்ன் கூற்று கேட்கப்படாது. ட்ரூவிற்குப் பதிலாக ஒரு பூலியன் மாறியை இட்டு மாற்றினால் ரிட்டர்ன் இல்லை என்ற பிழை புதிதாக எழும்.

மிதவைப் புள்ளி எண்களைச் சமன் பார்க்கும் நிபந்தனைகளும் முடிவிலா மடக்கைத் தரும். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் ஜாவாவில் கிடைப்பது 1.0 அன்று, 0.9999999999999999 ஆகும். 0இல் தொடங்கி 0.1 வீதம் கூட்டி, மதிப்பு 1.0க்குச் சமமல்லாதவரை சுற்றும் மடக்கு நிற்பதே இல்லை. இதை எந்த மடக்கு வகைக்கு மாற்றினாலும் பயனில்லை. முழு எண்ணால் எண்ணுவதே வழி.

வேகம்

ஃபார் மடக்கு வைல் மடக்கைவிட விரைவானது என்றும், அதன் மறுதலையும் மாணவர்களிடையே கூறப்படுவதுண்டு. இரண்டும் ஒத்த பைட்கோடாகவே நிரல்பெயர்க்கப்படுகின்றன: ஒரு நிபந்தனைத் தாவல், ஒரு கோட்டூ தாவல். ஜாவா மொழியில் கோட்டூ என்பது பயன்படுத்த இயலாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட சொல்லாக இருந்தும், பைட்கோடில் இவ்விரு மடக்குகளும் அதைக் கொண்டே இயங்குகின்றன. எனவே வகையைத் தேர்வதில் வாசிப்பவரின் வசதியே கருதத்தக்கது.

வரலாறு

ஜாவாவின் முதல் மூன்று மடக்குகளும் சி மொழியிலிருந்து பெறப்பட்டவை. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை அறிவித்தபோது, அதன் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் காஸ்லிங் சி நிரலர்களுக்குப் பழகிய தொடரமைப்பைத் தக்கவைத்துக்கொண்டார். நுழைவில் சோதிப்பதா வெளியேறும்போது சோதிப்பதா என்ற கேள்வி இதைவிடப் பழையது. ஃபோர்ட்ரான் 66 காலத்தின் பல நிரல்பெயர்ப்பிகளில் டூ மடக்கு ஒரு முறையேனும் நிறைவேறும். ஃபோர்ட்ரான் 77 தரம் அதை நுழைவு-சோதிப்பாக மாற்றியது. பழைய நிரல்களைப் புதிய நிரல்பெயர்ப்பிக்கு மாற்றியோர் மேலே கண்ட சிக்கலையே சந்திக்க நேர்ந்தது. வரிசை, தேர்வு, மடக்கு ஆகிய மூன்றுமே எந்தக் கணிப்பிற்கும் போதுமானவை என்பதை 1966இல் போம், ஜகோபினி ஆகியோர் நிறுவினர்.

தமிழ் நிரல்மொழியில் மடக்கு

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் ஃபார் மடக்கிற்கு "ஆக" என்பதும், வைல் மடக்கிற்கு "வரை" என்பதும் சிறப்புச்சொற்களாகும். தமிழின் சொல்வரிசைக்கேற்ப நிபந்தனை முன்னும் சிறப்புச்சொல் பின்னும் வருகின்றன:

@(எண் < 8) வரை
    பதிப்பி எண்
    எண் = எண் + 1
முடி

இங்கு "வரை" என்பது நிபந்தனை மெய்யாக உள்ளவரை எனப் பொருள்படும். பேச்சு வழக்கின் "வரும்வரை" என்பதோடு இதைக் குழப்பி, நிபந்தனையைத் தலைகீழாக எழுதும் பிழை இம்மொழியிலும் நேரக்கூடியதே.